மெல்வின் பெல்லி: காயம்பட்டவர்களுக்காக வாதாடியவர்

பொன்விழா மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். உமறுப் புலவர், வள்ளல் சீதக்காதி, காயிதே மில்லத் என்று நம் சமுதாயப் பெரியவர்களைப் பற்றி எழுத நம்மைவிடத் தகுதியானவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நாமோ வியாபாரி. ஆகவே கடை வைத்திருப்பவர்களும் கடையில் வேலை செய்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவரை எடுத்துக்கொண்டோம். அவர் முஸ்லிம் அல்லர், தமிழரும் அல்லர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்து, விபத்தில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த வழக்கறிஞர் மெல்வின் பெல்லி. அவருடைய வாழ்க்கை முழுவதும் பின்பற்றத் தக்கது என்று சொல்ல வரவில்லை. அவரை ஏன் எடுத்தோம் என்பதை இடையில் சொல்கிறோம்.

பெல்லி 1907 ஜூலை 29ஆம் நாள் சோனோரா என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தோண்ட வந்தவர்கள் கூடியதால் உண்டான ஊர் அது. முன்னோர் சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய இத்தாலிய வழியினர். தந்தை வங்கித் தொழிலில் இருந்தவர். கையில் காசுள்ள குடும்பம்தான். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் 1933இல் படிப்பை முடித்தார். அந்த இரண்டு ஆண்டுகளையும் கவனித்தால் ஒன்று விளங்கும். 1929இல்தான் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது.

சட்டம் படித்தவருக்கு முதலில் கிடைத்த வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். நாடோடி வேடம் போடும் வேலை! வேலை தேடிச் சரக்கு ரயில்களில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராக அலைந்த மக்கள் அப்போது ஏராளம். அவர்களோடு ஒருவராகக் கலந்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிந்து அறிக்கை தர அரசாங்கம் அவரை அமர்த்தியது. கிழிந்த சட்டையும் அழுக்கு முகமுமாக அவர் சரக்குப் பெட்டிகளில் பயணம் செய்தார். வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளை ஏழையின் உடம்பு படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தது அப்போதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் அவர் செய்த ஆடம்பரங்களைப் படிக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைத்துக்கொண்டோம்.

பிறகு சான் பிரான்சிஸ்கோவில் வழக்கறிஞராக அமர்ந்தார். அந்த ஊரில் மேடும் பள்ளமுமான தெருக்களில் கேபிள் கார்கள் ஓடும். தெருவுக்கு அடியில் ஓடும் இரும்புக் கயிற்றைக் கைப்பிடியால் பற்றியும் விட்டும் வண்டியை ஓட்டுபவர் ஒருவர் இருப்பார். அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவர் வேலையில் அடிபட்டார். அவருடைய வழக்கு பெல்லியிடம் வந்தது. அக்காலத்தில் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாயால் மட்டுமே பேசுவார்கள். ஜூரிகளாக அமர்ந்திருப்பவர்களோ கடைக்காரர், தச்சர், குடும்பத் தலைவி போன்ற சாதாரண மக்கள். இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பது வாய்ப்பேச்சால் அவர்களுக்கு விளங்காது. பெல்லி விபத்து நடந்த தெருச் சந்திப்பின் மாதிரியைச் செய்து கொண்டுவந்தார். விபத்தில் சம்பந்தப்பட்ட பற்சக்கரப் பெட்டியையும் சங்கிலியையும் நீதிமன்றத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். காப்புறுதிக் கம்பெனியின் வழக்கறிஞர்கள் ஆட்சேபித்தும் பயனில்லை. வழக்கு வென்றது.

அவருடைய பாணி அன்று தொடங்கியது. சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்பது அவர் கொள்கை. எலும்புக்கூடு, எக்ஸ்ரே படம், பெரிதாக்கிய புகைப்படம் எல்லாம் அவரோடு நீதிமன்றத்துக்குப் போகும்.

இதில் மிகவும் பேசப்படுவது 1940களில் நடந்த செயற்கைக் கால் வழக்கு. டிராம் வண்டியில் அடிபட்டுக் காலை இழந்த ஒரு பெண்ணுக்கு ஜூரிகள் ஒரு தொகை கொடுத்தார்கள். அது அதிகம் என்று எதிர்த்தரப்பு முறையிட, மறுவிசாரணை வந்தது. இப்போதெல்லாம் நல்ல செயற்கைக் கால் கிடைக்கிறது, அதை மாட்டிக்கொண்டால் அந்தப் பெண் எல்லோரையும் போல நடமாடலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். மறுவிசாரணை தொடங்கிய நாளிலிருந்து பெல்லியின் மேசைமேல் ஒரு பொட்டலம் இருந்தது. இறைச்சிக் கடையில் சுற்றிக் கொடுக்கும் காகிதத்தில் சுற்றி, கயிற்றால் கட்டி, முழங்காலில் மடக்கிய கால் போன்ற வடிவில் இருந்தது. நாள்தோறும் அதை எடுத்து வந்தார், இடம் மாற்றி வைத்தார், திரும்ப எடுத்துப் போனார். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. வெட்டி எடுத்த காலையே கொண்டுவந்துவிட்டாரோ என்று ஜூரிகளும் எதிர்த்தரப்பும் உள்ளுக்குள் நடுங்கினார்கள். கடைசி நாளில் மெதுவாகக் கட்டை அவிழ்த்தார். உள்ளே இருந்தது அந்தப் பெண் மாட்டவேண்டிய செயற்கைக் கால். வாரும் கொக்கியுமாக இருந்த அதை எடுத்து முன்வரிசை ஜூரியின் மடியில் போட்டார். இதை மாட்டிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நடப்பது எப்படி இருக்கும் என்று கையில் பிடித்தே பார்க்கச் செய்தார். ஜூரிகள் முதல் விசாரணையில் கிடைத்ததைவிடக் கூடுதலான தொகையைக் கொடுத்தார்கள்.

இது நாடகம்தானே என்று கேட்கலாம். நாடகம்தான். ஆனால் மாட்டியது நிஜக் கால் இல்லை என்பதும் நிஜம்தானே?

இனி நம்மைப் போன்ற கடைக்காரர்களைத் தொடும் வழக்குக்கு வருவோம். கலிபோர்னியாவில் மெர்சட் என்றோர் ஊர். அங்கே ஓர் உணவகத்தில் வேலை செய்த பணிப்பெண், கோக்க கோலா போத்தல்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று போத்தல்களை வைத்தாயிற்று. நான்காவதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றரை அடி தூரம்கூட நகர்த்தவில்லை, கையிலேயே வெடித்துவிட்டது. உள்ளங்கையில் ஐந்து அங்குல வெட்டு. கட்டைவிரலின் நரம்பும் இரத்தக் குழாயும் தசையும் அறுந்தன. உடைந்த துண்டுகளை மறுநாளே உணவகத்தில் குப்பையில் கொட்டிவிட்டார்கள். போத்தலில் கீறல் இருந்ததா, வாயு அதிகமாக அடைக்கப்பட்டதா என்று நிரூபிக்க அந்தப் பெண்ணிடம் ஒன்றுமே இல்லை. அவருக்காக வழக்கு நடத்திய வழக்கறிஞர்களுள் பெல்லியும் ஒருவர்.

கவனக்குறைவு யாருடையது என்று காட்டினால்தான் நஷ்டஈடு என்பது அன்றைய சட்டம். எங்கோ தொழிற்சாலைக்குள் நடந்த கவனக்குறைவை ஒரு பணிப்பெண் எப்படிக் காட்டுவார்? போத்தல் தானாக வெடிக்காது, கையாண்டவர் ஒழுங்காகவே கையாண்டிருக்கிறார், அப்படியானால் அடைத்தவரிடம்தான் பிழை இருக்கவேண்டும் என்று ஊகிக்கலாம் என்பது அந்தப் பெண் தரப்பின் வாதம். ஜூரிகள் 2,900 டாலர் கொடுத்தார்கள். கம்பெனி மேல்முறையீடு செய்தது. 1944 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அதில் நீதிபதி ரோஜர் டிரேனர் தனியாக ஒரு கருத்தும் எழுதினார். கவனக்குறைவு இருந்ததா என்று தேடவே வேண்டாம், குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியவர் அதனால் வரும் காயத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும், அந்தச் செலவை விலையில் சேர்த்து எல்லோருக்கும் பரப்பிக்கொள்ள அவரால் முடியும், அடிபட்டவரால் முடியாது என்பது அதன் சாரம். அன்று அது ஒரு நீதிபதியின் கருத்து மட்டுமே. 1963இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அதையே சட்டமாக்கியது. தீர்ப்பை எழுதியவரும் டிரேனரே. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி இதே வழியில் அமைந்தது.

இறக்குமதி செய்யும் அன்பர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தயாரிப்பாளரோடு பொறுப்பு முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து சரக்கைக் கொண்டுவருபவர் மீதும், பிறர் தயாரித்ததைத் தன் பெயரில் விற்பவர் மீதும் அது பொறுப்பைச் சுமத்துகிறது. சில்லறைக் கடைக்காரர்கூட, சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று நியாயமான காலத்துக்குள் காட்ட முடியாவிட்டால் மாட்டிக்கொள்வார். பில்லைப் பத்திரப்படுத்தாமல் சரக்கு எடுக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

இவரை ஏன் எடுத்தோம் என்பதை இப்போது சொல்லிவிடுகிறோம். 2013இல் நம் கடையிலும் ஒரு போத்தல் வெடித்தது. இராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவர் சோடாப் பெட்டியை இறக்கும்போது வலது கட்டைவிரலை அறுத்துக்கொண்டார். அத்தாவும் நாமும் கிளினிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டோம். இரண்டு வாரம் இலேசான வேலை கொடுத்தோம். கையில் 200 வெள்ளி வைத்தோம். நல்ல முதலாளி என்று நம்மை நாமே நினைத்துக்கொண்டோம். வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டியிருந்த காப்புறுதியில் கேட்க வழி உண்டா என்று விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. உடைந்த துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் போட்டது நாம்தான். பெர்மிட் முடிந்து தம்பி ஊருக்குப் போய்விட்டார். பெல்லியின் வழக்கைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, மறுநாளே துண்டுகளைக் கொட்டிவிட்டார்கள் என்ற இடத்தில் நமக்கு அப்பால் படிக்க முடியவில்லை.

பெல்லியின் கதைக்குத் திரும்புவோம். 1951இல் அவர் சட்ட இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, நஷ்டஈட்டுத் தொகைகளை விலைவாசியோடு ஒப்பிட்டது. ரொட்டி விலை ஏறுகிறது, கூலி ஏறுகிறது, போன காலுக்கும் கைக்கும் மட்டும் நீதிமன்றங்கள் பழைய விலையையே போடுகின்றன என்று கணக்குக் காட்டினார். 1954இல் தன் முறைகளையெல்லாம் தொகுத்துப் பல பாகங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார். ஊர் ஊராகப் போய் மற்ற வழக்கறிஞர்களுக்கு வகுப்பு நடத்தினார். அந்த ஆண்டு 'லைஃப்' பத்திரிகை நஷ்டஈட்டு வழக்குகளின் அரசர் என்று அவருக்குப் பட்டம் சூட்டியது. அதன்பின் காப்புறுதிக் கம்பெனிகள் அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தன.

உடம்புக்கு விலை போடுவது மேல்நாட்டார் வழக்கம் என்று சிலர் நினைக்கலாம். நம் ஃபிக்ஹ் நூல்களில் தியத் பற்றிய பாடத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். உயிருக்கு நூறு ஒட்டகம், ஒரு விரலுக்குப் பத்து, ஒரு பல்லுக்கு ஐந்து என்று அங்கே கணக்கு இருக்கிறது. பணக்காரன் விரல், ஏழை விரல் என்று அந்தக் கணக்கில் பிரிவு இல்லை.

போலியோ தடுப்பு மருந்து வழக்கையும் சொல்லவேண்டும். 1955இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசி புதிதாக வந்தபோது, கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த மருந்தில் உயிருள்ள கிருமி இருந்துவிட்டது. நோயைத் தடுக்கப் போட்ட ஊசியே பல குழந்தைகளுக்கு நோயைக் கொடுத்தது. சுமார் 200 பேருக்குக் கை கால்கள் செயலிழந்தன, 10 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக பெல்லி வழக்காடினார். 1958இல் ஜூரிகள் சொன்ன முடிவு விசித்திரமானது. நிறுவனம் கவனக்குறைவாக நடக்கவில்லை, ஆனாலும் மருந்து பாதுகாப்பானது என்ற உறுதியோடு விற்றதால் பொறுப்பு உண்டு என்று கூறி 1,47,300 டாலர் வழங்கினார்கள். இந்த முடிவால் மருந்துக் கம்பெனிகள் தடுப்பூசி தயாரிக்கவே அஞ்சின என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. தடுப்பூசி ஊருக்கு வேண்டும். நடக்க முடியாமல் போன குழந்தைக்கும் வழி வேண்டும். இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்லும் தைரியம் நமக்கு இல்லை.

புகழ் வந்ததும் ஆடம்பரமும் வந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மாண்ட்கோமரி தெருவில் பழைய கட்டடம் ஒன்றை வாங்கி அலுவலகம் வைத்தார். தெருவில் போகிறவர்கள் கண்ணாடி வழியாக அவர் வேலை செய்வதைப் பார்க்கலாம். வழக்கு வென்ற நாளில் கூரைமேல் கடற்கொள்ளையர் கொடியை ஏற்றிப் பீரங்கி வெடிப்பார். கோட்டின் உட்புறம் சிவப்புப் பட்டு. ஆறு திருமணங்கள். சினிமாக்காரர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் அந்தப் பட்டியலில் இருந்தார். தொலைக்காட்சித் தொடரிலும் நடித்தார். இவற்றையெல்லாம் விரித்து எழுத நமக்கு விருப்பமில்லை.

1964இல் டல்லாஸ் நகரில் ஜாக் ரூபிக்காக வாதாடியதைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதிபர் கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்டவனைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னிலையிலேயே சுட்டுக் கொன்றவர் ரூபி. மூளைக் கோளாற்றால் தன்னறிவின்றிச் செய்தார் என்று பெல்லி வாதிட்டார். எடுபடவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீதிமன்றத்திலேயே டல்லாஸ் நகரத்தை வாய்க்கு வந்தபடி ஏசியதால் ரூபியின் குடும்பம் அவரை விலக்கிவிட்டது. குற்ற வழக்கு அவர் துறையல்ல. தெரிந்த வியாபாரத்தை விட்டுத் தெரியாத வியாபாரத்தில் இறங்கியவர் கதைதான்.

அவர் நம் மக்கள் பக்கம் வந்தது 77ஆவது வயதில். 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவைத் தாண்டி, இந்தியாவின் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 டன் நச்சுவாயு கசிந்தது. நவாபுகளும் பேகம்களும் ஆண்ட ஊர் அது. தாஜுல் மசாஜித் என்னும் பெரும் பள்ளிவாசல் நிற்கும் ஊர். தொழிற்சாலையை ஒட்டிய குடிசைகளிலும் பழைய நகரிலும் உறங்கிக்கொண்டிருந்த ஏழை இந்துக்களும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மையவாடிகளிலும் சுடுகாடுகளிலும் இடம் போதவில்லை. உயிர் தப்பியவர்கள் கண்ணும் நுரையீரலும் கெட்டுக் கிடந்தார்கள்.

டிசம்பர் 7ஆம் நாளே பெல்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1,500 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த சில நாள்களில் அவரே போபாலில் வந்து இறங்கினார். அவரைப் போலவே இன்னும் பல அமெரிக்க வழக்கறிஞர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளுக்கு முன்பணம் இல்லை. வென்றால் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு நெருக்கமாக வழக்கறிஞருக்குப் போகும், தோற்றால் ஒன்றுமில்லை. நம் மலேசியாவில் வழக்கறிஞர் அப்படிப் பங்கு பேசச் சட்டம் இடம் தருவதில்லை. கண் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மக்களிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள் என்று பத்திரிகைகள் காறித் துப்பின. பிணத்தைச் சுற்றும் கழுகுகள் என்று பேச்சு எழுந்தது.

நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பிறகு நடந்ததைப் பார்த்தபோது அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. 1985 மார்ச்சில் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் அரசே பிரதிநிதி என்று ஆக்கிக்கொண்டது. அமெரிக்க வழக்கறிஞர்களைத் தவிர்த்து நியூயார்க்கில் தானே வழக்குப் போட்டது. 1986 மே மாதம் நியூயார்க் நீதிபதி இந்த வழக்கை விசாரிக்கத் தகுந்த இடம் இந்தியாதான் என்று திருப்பி அனுப்பினார். அமெரிக்க ஜூரிகள் முன்னால் போபால் மக்கள் நிற்கவே இல்லை. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைப் பங்கிட்டபோது பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். பெல்லியின் கோரிக்கையோடு பார்த்தால் நூற்றுக்கு மூன்று.

அவர் கேட்டது ஆசைக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குப் போகவேண்டிய பங்கையும் கழித்துவிடுவோம். அப்படியும் எங்கோ இடிக்கிறது. மெர்சட் நகரப் பணிப்பெண்ணின் கட்டைவிரலுக்கு 1940களில் 2,900 டாலர். போபால்காரரின் நுரையீரலுக்கு 1989க்குப் பிறகு 25,000 ரூபாய், அதாவது அன்றைய மதிப்பில் இரண்டாயிரம் டாலர்கூட வராது.

கடைசிக் காலம் அவருக்கு நன்றாக இல்லை. 1989 நிலநடுக்கத்தில் மாண்ட்கோமரி தெருக் கட்டடம் சேதமடைந்தது. பெண்களின் உடலில் வைக்கப்பட்ட சிலிக்கான் பைகள் தொடர்பாக டௌ கார்னிங் நிறுவனத்தின் மீது பெரிய வழக்குகளை எடுத்து, நிபுணர்களுக்கான செலவை வழக்கம்போலத் தானே சுமந்தார். 1995இல் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. வரவேண்டிய பணம் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் பெல்லியின் அலுவலகமும் திவாலானது. 1996 ஜூலை 9ஆம் நாள், 88ஆவது வயதில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். சொந்த ஊரான சோனோராவில் அடக்கம் செய்தார்கள்.

இதை எழுதத் தொடங்கியதும், ஊரில் விசாரித்து அந்தத் தம்பியின் கைப்பேசி எண்ணை வாங்கிப் பேசினோம். இப்போது தேநீர்க் கடை வைத்திருக்கிறார். கட்டைவிரல் மடங்காது, ஆற்றுவது இடது கையால்தானாம். நம்மீது அவருக்குக் கோபம் இல்லை. அத்தாவுக்கு சலாம் சொல்லச் சொன்னார். சங்கத்தில் உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். ஆறு ஆண்டுக் காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது, இனிச் சட்டப்படி யாரும் நம்மை ஒன்றும் கேட்க முடியாது என்றார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறோம். என்ன தொகை கொண்டுபோவது என்று அத்தாவும் நாமும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.